எட்டும் நகரம், எட்டாத நகரம்

(இறுதியாண்டு, இளங்கலைப் புவியியல்)

முதல் மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வகுப்பறை வாயிலில் வந்து நின்று, “உள்ளே வரலாமா, ஐயா?” என்று கேட்கும் மாணவனை நாம் அனைவரும் அறிவோம். மூச்சு வாங்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். “ஏன் தாமதம்?” என்ற கேள்விக்கு அவன் தரும் விடையும் நமக்கு மனப்பாடம்: “பஸ் வரவில்லை, ஐயா.” வகுப்பு சிரிக்கும். சில நாள் ஆசிரியரும் சிரித்துவிட்டு உள்ளே விடுவார். சில நாள் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழும்.

அந்த விடை மெய்யா, பொய்யா என்று யாரும் ஆராய்வதில்லை. புவியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்கு அதனை ஆராய்ந்து பார்க்கத் தோன்றியது. ஆராயப் புகுந்தபோது, ஒரு மாணவனின் தாமதத்துக்குப் பின்னால் ஒரு மாநகரத்தின் அமைப்பே நிற்பதைக் கண்டேன். சென்னை போன்ற நகரில் வாழும் ஒருவர், தமக்கு வேண்டிய இடங்களைக் காரில் சென்றால் எவ்வளவு நேரத்தில் எட்டுகின்றார்? பேருந்திலும் ரயிலிலும் சென்றால் எவ்வளவு? மிதிவண்டியில் சென்றால் எவ்வளவு? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

விரைவு வேறு, எட்டுதல் வேறு

வண்டிகளை ஒப்பிடும்போது நாம் வழக்கமாக அவற்றின் வேகத்தையே ஒப்பிடுகின்றோம். ஆனால், வேகம் என்பது வண்டியின் பண்பு. மனிதனுக்கு வேண்டியது வேகம் அன்று. அவனுக்கு வேண்டியவை கல்லூரி, மருத்துவமனை, சந்தை, வேலை, உறவினர் வீடு ஆகியவை. இவற்றில் எத்தனையை ஒருவர் தம்மால் இயன்ற நேரத்திலும் செலவிலும் அடைய முடிகின்றது என்பதையே புவியியலார் அணுகுதன்மை என்பர். வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இக்கருத்தைக் கணக்கிடக் கூடிய ஓர் அளவாக வடித்துக் கொடுத்தார். ஓர் இடத்தைச் சுற்றி எத்தனை வாய்ப்புகள் உள்ளன, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்ற இரண்டையும் சேர்த்தே அவ்விடத்தை மதிப்பிட வேண்டும் என்பது அவர் கருத்து. அருகிலுள்ள வாய்ப்புக்கு மதிப்பு அதிகம். தொலைவு கூடக் கூட மதிப்புக் குறையும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கின்றார். மற்றொருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுகின்றார். வேகம் இரண்டரை மடங்குகூட இல்லை. ஆனால், ஒரு மணி நேரத்தில் அவர்கள் எட்டக்கூடிய பகுதியை வட்டமாக வரைந்து பார்த்தால், ஒன்றின் ஆரம் 5, மற்றதன் ஆரம் 12. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? ஆகவே, மிதிவண்டிக்காரருக்கு எட்டும் நிலப்பரப்பு நடப்பவருக்கு எட்டுவதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. வேகம் சிறிது கூடினாலும் வாய்ப்புகள் பன்மடங்கு பெருகுகின்றன. இதனை மறுபுறமாகவும் நோக்க வேண்டும்: வேகம் சிறிது குறைந்தாலும் வாய்ப்புகள் பன்மடங்கு சுருங்கிவிடுகின்றன.

இந்த வட்டம் தாளில்தான் முழு வட்டம். சென்னையில் கிழக்கே கடல் இருப்பதால் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ வாழ்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை வட்டமே. அந்த அரை வட்டத்தையும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதைகள் ஆகியவை துண்டு துண்டாக வெட்டுகின்றன. பாலம் இருக்கும் இடத்தில்தான் ஆற்றைக் கடக்கலாம். சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில்தான் தண்டவாளத்தைக் கடக்கலாம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். அங்குச் சென்று சேர்வதற்கோ சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

வாசல் முதல் வாசல் வரை

ஒப்பீட்டில் நாம் செய்யும் இன்னொரு பிழை, வண்டியில் அமர்ந்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் கொள்வது. பேருந்துப் பயணம் பேருந்தில் தொடங்குவதில்லை; வீட்டு வாசலில் தொடங்குகின்றது. நிறுத்தம் வரை நடக்க வேண்டும், காத்து நிற்க வேண்டும், இறங்கிய பின் மீண்டும் நடக்க வேண்டும். கார்ப் பயணமும் அவ்வாறே. வண்டியை வெளியே எடுக்கும் நேரம், நிறுத்த இடம் தேடும் நேரம், நிறுத்திய இடத்திலிருந்து நடக்கும் நேரம் ஆகியவற்றைக் காரோட்டிகள் பயண நேரமாகவே எண்ணுவதில்லை.

இந்தப் பிழையை நீக்கி ஒரு நகரம் முழுவதையும் எப்படி அளக்கலாம் என்று பின்லாந்து நாட்டில் செய்து காட்டியுள்ளனர். ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் தலைநகர் வட்டாரத்தை 250 மீட்டர் சதுரங்களாகப் பகுத்தனர். மொத்தம் 13,231 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் மற்ற ஒவ்வொரு சதுரத்துக்கும் நடந்து சென்றால், மிதிவண்டியில் சென்றால், பொதுப் போக்குவரத்தில் சென்றால், காரில் சென்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணித்தனர். 2013, 2015, 2018 ஆகிய ஆண்டுகளுக்கான கணிப்புகளை எவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்டும் உள்ளனர். காருக்கு, நிறுத்துமிடம் தேடும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கின்றனர். எல்லா வண்டிகளையும் வாசல் முதல் வாசல் வரை ஒரே கோலால் அளந்ததுதான் இம்முறையின் சிறப்பு.

நாமே ஒரு கணக்குப் போடுவோம்

அதே முறையில் சென்னைக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை ஆய்வில் கண்ட எண்கள் அல்ல. நெரிசல் நேரத்துக்குப் பொருந்தக்கூடியவை என்று கொண்ட எண்கள். கார் மணிக்கு 20 கிலோமீட்டர், பேருந்து நிறுத்தங்களையும் சேர்த்து 15, மிதிவண்டி 12, மின்சார ரயில் 30 என வைத்துக்கொள்வோம்.

முதலில் 5 கிலோமீட்டர்ப் பயணம்.

கார்: வெளியே எடுக்க 2 நிமிடம், ஓட்டம் 15, இடம் தேட 5, நடை 4. மொத்தம் 26 நிமிடம்.

மிதிவண்டி: எடுக்க 2, ஓட்டம் 25, பூட்டிவிட்டு நடக்க 2. மொத்தம் 29 நிமிடம்.

பேருந்து: நிறுத்தம் வரை 7, காத்திருத்தல் 8, ஓட்டம் 20, இறங்கி நடக்க 5. மொத்தம் 40 நிமிடம்.

பல இலட்சம் ரூபாய் காருக்கும், ஒரு சாதாரண மிதிவண்டிக்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்றே நிமிடம்! பேருந்துப் பயணியின் 40 நிமிடத்தில் சரிபாதியான 20 நிமிடம் பேருந்துக்கு வெளியே கழிகின்றது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து 15 கிலோமீட்டர்ப் பயணம். கார் 45 நிமிடம் ஓடும். பிற நேரம் 11 சேர்த்து 56 நிமிடம். மிதிவண்டி 79. வண்டி மாறாமல் ஒரே பேருந்தில் செல்ல முடிந்தால் 80. இடையில் மாற நேர்ந்தால் மேலும் கூடும். வீட்டிலிருந்து 10 நிமிட நடையில் ரயில் நிலையம் இருந்தால், காத்திருத்தல் 5, ஓட்டம் 30, இறங்கி நடை 10, ஆக 55 நிமிடம். ரயில் காரை முந்திவிடுகின்றது!

ஆனால், “ரயில் நிலையம் அருகில் இருந்தால்” என்ற சொற்றொடரில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியுள்ளது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அப்பாதையை ஒட்டி வாழ்வோர்க்கு நகரம் அன்றே எட்டிவிட்டது. பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை அடைந்தது. மெட்ரோ ரயிலின் முதற்பகுதி 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே திறக்கப்பட்டது. இப்பாதைகளுக்கு நடக்கும் தொலைவில் வாழ்பவர் ஒரு நகரில் வாழ்கின்றார். மூன்று கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர் வேறொரு நகரில் வாழ்கின்றார் எனலாம்.

காத்திருத்தலின் கணக்கு

பேருந்துக்கு வருவோம். சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972-இல் தோன்றியது; இன்று மாநகர் போக்குவரத்துக் கழகம் அப்பணியைச் செய்கின்றது. ரயில் எட்டாத பகுதிகளுக்கெல்லாம் பேருந்துதான் கதி. அதன் குறை வேகத்தில் மட்டும் இல்லை, காத்திருத்தலில் இருக்கின்றது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து சீராக வருகின்றது என்று கொள்வோம். எந்த நேரத்திலோ நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையான பேருந்துகள் சீர் குலைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு இரண்டாக வந்தால் என்ன ஆகும்? அட்டவணைப்படி பேருந்துகள் குறையவில்லை; ஆனால், சராசரிக் காத்திருத்தல் 10 நிமிடமாகிவிடுகின்றது. முன்னால் வருவதில் படிக்கட்டு வரை கூட்டம். பின்னால் வருவது காலி.

இது எவருடைய சோம்பலாலும் நேர்வதன்று. ஒரு பேருந்து சாலை நெரிசலில் சற்றே பின்தங்கினால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்போர் கூடிவிடுவர். அவர்கள் ஏற நேரமாகும். ஆகவே அது மேலும் பின்தங்கும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏறுவோர் குறைவு. அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். எனவே, பேருந்துக்கெனத் தனித்தடம் அமைப்பதும், இடைவெளி கெடாமல் வண்டிகளைச் செலுத்துவதும் புதிய பேருந்துகள் வாங்குவதற்கு ஒப்பான பயன் தருபவை. மேலே கண்ட 5 கிலோமீட்டர்ப் பயணத்தில் பேருந்தின் வேகத்தை 15-இலிருந்து 20-ஆக உயர்த்தினால் மிஞ்சுவது 5 நிமிடம். காத்திருத்தலைப் பாதியாக்கினாலே 4 நிமிடம் மிஞ்சிவிடும்.

கார் கொடுப்பதும் எடுப்பதும்

காரின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, முதியோரை அழைத்துச்செல்ல, மழையில் குழந்தைகளோடு போக அதற்கு இணையில்லை. ஆயினும், கார் ஒருவருக்குக் கொடுக்கும் வசதியை வேறொருவரிடமிருந்து எடுத்தே கொடுக்கின்றது.

ஒரு பேருந்தில் 60 பேர் செல்கின்றனர். அதன் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். அந்த 60 பேரும் ஒருவர் இருவராகப் பிரிந்து 40 கார்களில் ஏறினால், ஒரு காருக்கு 4 மீட்டரும் இடைவெளிக்கு 2 மீட்டரும் வைத்தாலே 240 மீட்டர்ச் சாலை நிரம்பிவிடும். இருபது மடங்கு! அந்த வரிசைக்குப் பின்னால் நின்று தவிப்பது யார்? பேருந்துதான். காரோட்டி தம் நெரிசலைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றார். பேருந்துப் பயணி தாம் உண்டாக்காத நெரிசலில் நிற்கின்றார்.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், ஆற்றலையும் சமநீதியையும் பற்றி 1974-இல் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையான கணக்கைக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் காரில் செலவிடும் நேரத்தோடு, அந்தக் காருக்காகப் பணம் ஈட்ட உழைக்கும் நேரத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஆண்டுக்கு 1,600 மணிக்கு மேல் வந்தது. அந்நேரத்தில் கடந்த தொலைவோ 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 5 மைலுக்கும் குறைவு, அதாவது ஏழரைக் கிலோமீட்டர் அளவே. நிதானமாக மிதிவண்டி ஓட்டுபவர் இதனை எளிதாக முந்திவிடுவார்! கணக்கின் நுணுக்கங்களில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும், பணமும் ஒருவகையில் நேரமே என்ற அதன் அடிப்படை உண்மையை மறுக்க இயலாது. தவணை கட்டுவதற்காகக் கூடுதல் நேரம் உழைக்கும் குடும்பத்தாரைக் கேட்டால் இது நன்கு புரியும்.

மிதிவண்டியின் பெருமையும் அச்சமும்

மிதிவண்டி நமக்கு அயலான பொருளன்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மிதிவண்டி ஒரு மனிதரின் உலகை எவ்வளவு விரிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். தண்ணீர் எடுக்க, சந்தைக்குச் செல்ல, குழந்தையைப் பள்ளியில் விட இனி எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய வட்டத்தின் ஆரம் பெருகியது.

பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டமும் 2001-க்குப் பின் தமிழகமெங்கும் பரவியது. நம்முள் பலர் பதினொன்றாம் வகுப்பில் அதனைப் பெற்றவர்களே. இன்று அது எங்கே? பலர் வீட்டில் மாடிப்படியின் கீழ், காற்று இறங்கி, சங்கிலி துருப்பிடித்துக் கிடக்கின்றது. ஏன் என்று கேட்டால் விடை ஒன்றுதான்: “பெரிய சாலையில் பயமாக இருக்கிறது.”

இந்த அச்சம் நியாயமானது. நம் சாலைகளில் மிதிவண்டிக்கெனத் தனி இடம் அரிது; மேம்பாலத்தில் ஏறினால் பின்னால் வரும் லாரியின் ஒலி நெஞ்சை உலுக்கும்; சித்திரை வெயில் வேறு. எனவே, என் கணக்கில் வந்த 29 நிமிடத்தில், பாதுகாப்பு என்ற ஓர் எண் விடுபட்டுள்ளது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். கடிகாரத்தின்படி எட்டும் இடம், உயிரச்சத்தால் எட்டாமல் போகலாம். காரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது நெரிசல். மிதிவண்டியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது பயம்.

எனினும், பெரிய சாலைக்குச் செல்லாமலே மிதிவண்டி ஓர் அரிய பணியைச் செய்யக்கூடும். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 2 கிலோமீட்டர் என்று கொள்வோம். நடந்தால் 24 நிமிடம். மிதிவண்டியில் 10 நிமிடம். நடையாளிக்கு எட்டாத ரயில், மிதிவண்டியாளருக்கு எட்டுகின்றது. தெருக்களின் வழியே சென்று, நிலையத்தில் பூட்டிவிட்டு ரயிலேறலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ பத்து மிதிவண்டிகள் நிற்கும். ஆகவே, நிலையங்களில் கூரையும் காவலும் உள்ள மிதிவண்டி நிறுத்தங்கள் பெருகினால், புதிய தண்டவாளம் ஒரு முழம்கூடப் போடாமல் ரயிலின் எல்லையை விரிக்கலாம்.

தொலைவாக்கப்பட்டவர்கள்

இதுவரை வண்டி மனிதனை இடத்துக்குக் கொண்டுசெல்வதைப் பற்றிப் பேசினோம். இடமே மனிதனை விட்டு விலகிப் போவதும் உண்டு. சென்னையில் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000-க்குப் பின் கண்ணகி நகருக்கும், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கும் குடியமர்த்தப்பட்டன. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின்னும் பல குடும்பங்கள் அவ்வாறு சென்றன. அங்கே காரை வீடு உண்டு, கூரை ஒழுகாது. ஆனால், கண்ணகி நகரே நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மற்றவை இன்னும் அப்பால்.

முன்பு நடந்து சென்று வீட்டுவேலை செய்து திரும்பிய ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மேலே கண்ட கணக்கின்படி 20 கிலோமீட்டருக்குப் பேருந்து ஓட்டம் மட்டுமே 80 நிமிடம். நடையும் காத்திருத்தலும் 20 சேர்த்தால் 100 நிமிடம்; போக வர 200 நிமிடம். காலையும் மாலையும் இரு வீடுகளில் வேலை செய்தவர் ஒரு வீட்டையேனும் விட்டுவிட நேரும். அவருக்கு வீடு கிடைத்தது, நகரம் கைநழுவியது. ஹான்சனின் அளவுகோல் இங்கே வெறும் கணிதமாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் அடுப்பை அளக்கின்றது.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது செலவு என்ற தடையை நீக்கியது. அதன் அருமை அப்பெண்களுக்குத் தெரியும். ஆனால், நேரம் என்ற தடை அப்படியே நிற்கின்றது. பயணச்சீட்டின் விலை சுழியமாகலாம். காத்திருக்கும் நிமிடத்தின் விலை சுழியமாவதில்லை.

முடிவாக

எந்த வண்டி சிறந்தது என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை என்பதை இதுவரை கண்டோம். ஐந்து கிலோமீட்டருக்குள் மிதிவண்டி காருக்குச் சமம். பாதுகாப்பான பாதைதான் குறை. நீண்ட தொலைவுக்கு ரயில் காருக்குச் சமம். நிலையத்தை அடைவதுதான் குறை. பேருந்து எங்கும் செல்கின்றது, காத்திருத்தல்தான் குறை. இக்குறைகளை நீக்கப் பெரும் மேம்பாலங்கள் தேவையில்லை. பேருந்துக்கு ஒரு தடம், மிதிவண்டிக்கு ஓர் ஓரம், நிலையத்தில் ஒரு கொட்டகை, நடப்பவனுக்கு உடையாத நடைபாதை ஆகியவையே போதிய தொடக்கமாகும். கார் இல்லாதவருக்கும் நகரம் எட்ட வேண்டும் என்று கருதுவோர் இவற்றையே முதலில் கேட்பர்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வாரம், நாள்தோறும் உங்கள் பயணத்தை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: வீட்டை விட்ட நேரம், நிறுத்தத்தை அடைந்த நேரம், வண்டி ஏறிய நேரம், இறங்கிய நேரம், வகுப்பை அடைந்த நேரம். ஐந்தே எண்கள். நம் கல்லூரி மாணவர் அனைவரும் இவ்வாறு எழுதினால், இந்நகரம் யாருக்கு எட்டுகின்றது, யாருக்கு எட்டவில்லை என்பதைக் காட்டும் படம் ஒன்றை நாமே வரைந்துவிடலாம்.

அன்று, வாயிலில் வந்து நிற்கும் அந்த மாணவன் “பஸ் வரவில்லை, ஐயா” என்று சொல்லும்போது வகுப்பு சிரிக்காது. அவன் எழுந்த நேரத்தை அல்ல, அவன் நின்ற நேரத்தையே கேட்கும்.